பதிலி 9.0: புதிய வசதிகளும் மேம்பாடுகளும்

என் தொழிலை வெளியில் சொல்ல எனக்கு இன்னும் கூச்சம்தான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டால் எழுத்தாளர் என்று சொல்லிவைப்பேன். என்ன எழுதுகிறீர்கள் என்று உடனே அடுத்த கேள்வி வரும். ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு வெளியாகும்போது அதில் என்னென்ன புதிது, என்னென்ன சரிசெய்யப்பட்டது என்று ஒரு குறிப்பேடு கூடவே வருமே, அதை எழுதுகிறேன் என்பேன். அதற்குள் அவர் ரசத்துக்குக் கை நீட்டியிருப்பார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நான் எழுதுவதை உலகில் யாரும் படிப்பதில்லை. குறிப்பேட்டின் கீழே 'படித்தேன், ஏற்கிறேன்' என்று ஒரு பொத்தான் இருக்கும். மக்கள் நேராக அதை அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம் என்று எழுபதாவது பக்கத்தில் கொள்ளுப் பருப்பு கடைவது எப்படி என்று எழுதிச் சேர்த்தேன். இரண்டு பதிப்புகள் வரை அது அங்கேயே கிடந்தது.

அதைக் கண்டுபிடித்தது என் அக்கா மரகதம். இந்த உலகில் எனக்கு இருந்த ஒரே வாசகி அவள்தான். அவளும் விரும்பி வந்தவள் அல்ல. அவிநாசியில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்தவளுக்கு நாற்பத்தாறு வயதில் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். இடது கை இயந்திரத்தோடு கட்டுண்டிருக்கும், வலது கை சும்மா இருக்கும். வார இதழ்களைப் படித்தாள், நாவல்களைப் படித்தாள், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தைக்கூடப் படித்தாள். எல்லாம் தீர்ந்த பிறகு என்னிடம் வந்தாள். எங்கள் நிறுவனத்தின் வாசகர் தளத்தில் அவளுக்கு ஒரு கணக்கு திறந்து கொடுத்தேன். ஒவ்வொரு பதிப்புக்கும் அவளிடமிருந்து தவறாமல் ஒரு குறை வரும். பக்கம் மூன்றில் சொன்னதையே பக்கம் ஏழிலும் சொல்லியிருக்கிறாய், வளவளவென்று இருக்கிறது, இதைப் படிக்கிறவன் தூங்கிவிடுவான். பதினோரு வருடத்தில் அவள் என்னை ஒருமுறைகூடப் பாராட்டியதில்லை.

நாங்கள் விற்ற மென்பொருளின் பெயர் பதிலி. அது என்ன செய்யும் என்று அவள் ஒருநாள் கேட்டாள். ஒரு பெரிய அமைப்பைக் கட்டும்போது அது வேறு பத்து அமைப்புகளோடு பேசவேண்டியிருக்கும், சோதனை செய்கிற சமயத்தில் அந்தப் பத்தும் கைக்குக் கிடைக்காது, அவற்றின் இடத்தில் உட்கார்ந்து அவற்றைப் போலவே பதில் சொல்வது எங்கள் பதிலி என்று விளக்கினேன். நான் நாற்பது பக்கத்தில் எழுதியதை அக்கா ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள்.

"இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாளு, டீச்சருங்க நாங்களே பெஞ்சுல உக்காந்துட்டு பசங்க மாதிரி பதில் சொல்லிப் பாப்போம். அதானே? மறுநாள் பசங்க வந்தா நாங்க பெஞ்சை விட்டு எந்திரிச்சுருவோம். உங்க பதிலி எந்திரிக்குமா?"

எழுந்துவிடும் என்று சொன்னேன். அது 8.0 காலம். அப்போது அது உண்மைதான்.

9.0 வந்தபோது எங்கள் அலுவலகமே திருவிழாக் கோலத்தில் இருந்தது. முதல் புதிய வசதி, நிலை நினைவு. பதிலி தான் முன்பு சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு அதற்குப் பொருத்தமாகவே அடுத்ததைச் சொல்லும். இரண்டாவது, சொல் மாற்றம். ஒரே பதிலைக் கிளிப்பிள்ளையாகச் சொல்லாமல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றிச் சொல்லும். மூன்றாவதுதான் பெரியது, இருபுறப் பதிலி. அதுவரை எதிரே இருக்கும் இயந்திரத்துக்கு மட்டும் ஆள்மாறாட்டம் செய்துகொண்டிருந்த மென்பொருள், இனி இந்தப் பக்கம் இருக்கும் மனிதருக்காகவும் பேசும். ஆயிரம் பேர் உட்கார்ந்து பொத்தான் அழுத்தினால்தான் சோதிக்க முடியும் என்ற நிலை போய்விட்டது. மூன்று நொடிக்குள் ஒருவர் பதில் சொல்லாவிட்டால், அவர் முன்பு சொன்ன பதில்களைப் பார்த்து, அவர் சொல்வது போலவே பதிலி சொல்லிவிடும்.

சோதனைப் பிரிவில் இருந்த ரஹமத்துன்னிசா இதில் ஒரு சிக்கல் இருப்பதைக் கண்டுபிடித்தாள். நிசா எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாத பெண். குறிப்பேட்டில் சேர்க்கச் சொல்லி அவள் எனக்கு அனுப்பிய வாக்கியம் இது: சோதனை முடிந்ததும் இதைக் கையால் அணைக்காவிட்டால், உண்மையான மனிதர்களுக்குப் பதிலாகப் பதிலியே பேசிக்கொண்டிருக்கும்; யாருக்கும் தெரியாது.

எங்கள் மேலாளர் கோகுல்நாத் இதைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பொய் சொல்லச் சொல்லவில்லை, பயமுறுத்தாமல் சொல்ல வழி இருக்கிறதா பாருங்கள் என்றார். வழி காண்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கால் மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'சில அரிய சூழல்களில், நேரடிப் பயன்பாட்டின்போதும் இவ்வசதி தொடரக்கூடும்.' பக்கம் 46, கடைசிக்கு முந்தைய பத்தி. கோகுல்நாத் அகமகிழ்ந்துபோய் எனக்குப் பாராட்டு மின்னஞ்சல் அனுப்பினார், மொத்தக் குழுவுக்கும் நகல் போட்டு. என் எழுத்து வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே அங்கீகாரம் அந்த 'சில அரிய சூழல்களில்' என்ற மூன்று சொற்களுக்குத்தான்.

நோயாளிகளுக்குச் செய்தி அனுப்பும் தன் புதிய அமைப்பைச் சோதிப்பதற்காக 9.0-ஐ முதலில் வாங்கியவர்களில் எங்கள் மண்டலத்தின் உறுப்புக் கொடை மையமும் ஒன்று. அவர்களிடம் எங்கள் மென்பொருளைப் பற்றி வாயாரப் புகழ்ந்தவன் நான்தான். அக்கா அங்கேதான் வரிசையில் காத்திருந்தாள், அதனால் எனக்கு அங்கே பழக்கம். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகம் கிடைத்தால், பொருந்துகிற நோயாளியின் செல்பேசிக்கு மையத்திலிருந்து ஒரு கேள்வி வரும்: உடனே வர இயலுமா? பதினைந்து நிமிடத்துக்குள் பதில் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

புதிய பதிப்பைப் பொருத்திய இரண்டாவது மாதம் மையத்திலிருந்து ஒரு நன்றிக் கடிதம் வந்தது. முன்பெல்லாம் நோயாளிகள் பதற்றத்தில் பத்து நிமிடம் வரை எடுத்துக்கொள்வார்களாம், இப்போது கேட்ட உடனே பதில் வந்துவிடுகிறதாம். கோகுல்நாத் அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். நோயாளிகள் ஏன் திடீரென்று இவ்வளவு சுறுசுறுப்பானார்கள் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நல்ல சேதி வந்தால் யார் கேள்வி கேட்பார்கள்?

அதே சமயத்தில் அக்கா ஒருநாள் என்னிடம் செல்பேசியைக் காட்டினாள். மையத்திலிருந்து ஒரு வரி வந்திருந்தது: 'தங்கள் பதிலுக்கு நன்றி.' நான் ஒன்றும் பதில் சொல்லவில்லையே, எதற்கு நன்றி என்று கேட்டாள். இருபது வருடம் மென்பொருள் துறையில் குப்பை கொட்டியவன் என்ற மிடுக்கோடு நான் விளக்கினேன்: இதெல்லாம் தானாகப் போகிற செய்தி, எல்லாருக்கும் போகும், கண்டுகொள்ளாதே. அடுத்த மாதம் இன்னொரு நன்றி வந்தது, அதற்குப் பிறகு மூன்றாவது. அரசாங்கக் காரியத்தில் இவ்வளவு மரியாதை கிடைப்பதே அபூர்வம், வாங்கி வைத்துக்கொள் என்று கேலி வேறு செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

9.0 குறிப்பேட்டை அக்கா உடனே படிக்கவில்லை. இடது கையில் டயாலிசிஸுக்காகப் போட்டிருந்த இணைப்பு அடைத்துக்கொண்டு, கழுத்தில் குழாய் செருகவேண்டி வந்தது. கழுத்தை அசைக்க முடியாமல் கொஞ்ச காலம் படிப்பை நிறுத்தியிருந்தாள். ஐந்தாவது மாதம், ஒரு புதன்கிழமை காலை, டயாலிசிஸ் நாற்காலியிலிருந்து எனக்குப் போன் செய்தாள். வழக்கமான குறைதான் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"சென்னி, பக்கம் நாப்பத்தாறுல எழுதியிருக்கறே, நேரடிப் பயன்பாடுன்னு. அப்படின்னா என்னடா? நானா?"

என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

"மூணு நொடிக்குள்ள ஆளு பதில் சொல்லலீன்னா இதே சொல்லிப்போடும்னு போட்டிருக்கறே. எனக்கு மூணு தடவை நன்றி வந்துச்சல்ல. அப்ப எனக்குப் பதிலா எவனோ பதில் சொல்லியிருக்கான். என்ன சொன்னான்னு கேட்டுச் சொல்லு."

நான் போனை வைத்துவிட்டு நிசாவின் மேசைக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் வெளுத்துவிட்டது. கைப்பையை எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பினாள்.

மையத்தின் ஒருங்கிணைப்பாளர் நல்ல மனிதர். பதிவைத் திறந்து பார்த்துவிட்டு, எங்களுக்குத்தான் ஏதோ தெரியவில்லை என்ற கனிவோடு சொன்னார்.

"உங்க அக்காதானுங்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. மூணு தடவையும் ரொம்பத் தன்மையா சொல்லியிருக்காங்க, பாருங்க."

பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன்பு, எங்கள் மென்பொருள் எதுவும் அங்கே இல்லாத காலத்தில், அக்காவுக்கு முதன்முதலாக அந்தக் கேள்வி வந்தபோது அவள் டைபாய்டில் படுத்திருந்தாள். 'காய்ச்சலா இருக்குங்க. அடுத்தவங்களுக்குக் கொடுத்துருங்க. என் பேரை மட்டும் எடுத்துடாதீங்க' என்று தானே தட்டி அனுப்பியிருந்தாள். அந்த ஒரே ஒரு பதிலை வைத்துக்கொண்டு பதிலி அவளைப் படித்திருந்தது. 9.0-க்குப் பிறகு வந்த முதல் சிறுநீரகத்துக்கு அவள் பெயரில் போயிருந்த பதில்: 'மறுபடியும் காய்ச்சலுங்க. அடுத்தவங்களுக்குக் கொடுங்க.' இது சொல் மாற்றம். இரண்டாவதற்கு: 'காய்ச்சல் இன்னும் விடலைங்க.' இது நிலை நினைவு. மூன்றாவதற்கு: 'விட்ட மாதிரி இருந்து திரும்ப வந்துருச்சுங்க. மன்னிச்சுக்குங்க.' இரண்டும் சேர்ந்து வேலை செய்தால் எவ்வளவு இயல்பாக இருக்கும் என்று நான்தான் பக்கம் 12-இல் எழுதியிருந்தேன்.

மூன்று மாதமாக என் அக்காவுக்குப் பதிலி காய்ச்சல் வைத்திருந்தது. பதில் ஒன்று போய்ச் சேர்ந்துவிட்டதால் கேள்வி அவள் செல்பேசியிலிருந்து தானாக மறைந்திருந்தது. மிச்சம் வந்தது நன்றி மட்டும்.

மற்ற நோயாளிகளுக்கு ஏன் தெரியவில்லை என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார். நிசாதான் பதில் சொன்னாள். "மத்தவங்க எல்லாம் முன்னாடி வர்றேன்னு சொல்லி, கடைசி நேரத்துல பொருந்தாமத் திரும்பினவங்க சார். அதனால இதுவும் வர்றேன்னுதான் சொல்லியிருக்கு. நீங்களும் வண்டி அனுப்பிட்டீங்க. ஒருக்கா வேண்டாம்னு சொன்னவங்களுக்குத்தான் எப்பவும் வேண்டாம்னு சொல்லியிருக்கு." அப்படிப்பட்டவர்கள் அந்தப் பட்டியலில் ஆறு பேர் இருந்தார்கள். இருவர் இப்போது உயிரோடு இல்லை. ஒருங்கிணைப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அன்றே, அந்த அறையிலேயே, நிசா தன் கையால் பதிலியை அணைத்தாள்.

ஒரே வருடத்தில் மூன்று முறை மறுத்தவர்களை வரிசையிலிருந்து நிறுத்திவைப்பது விதி. எல்லாப் பரிசோதனைகளையும் முதலிலிருந்து செய்து மறுபடி சேர்க்கவேண்டும் என்றார்கள். நான் மருத்துவமனைக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ எழுதிய வாக்கியம்தான் காரணமா என்று அவள் கேட்கவில்லை, நானேதான் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். கழுத்துக் குழாயோடு அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அந்த மூணும் யாருக்காச்சும் போச்சாடா, இல்ல வீணாப் போச்சா?"

மூன்று பேருக்குப் பொருத்தியிருக்கிறார்கள், மூவரும் நலம் என்றேன். அவள் கோபமாகத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அலுவலகத்தில் அவசரமாக 9.1 தயாரானது. கையால் அணைக்கும் பொத்தானைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்தார்கள். தானாகவே அணைந்துவிடும்படி செய்ய இன்னும் ஒரு வருடம் ஆகும் என்றார்கள். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் நான் இப்படி எழுதினேன்: 'எங்கள் 9.0 பதிப்பு, ஒரு பெண்ணுக்கு வந்த சிறுநீரகத்தை அவள் பெயரில் மூன்று முறை வேண்டாம் என்று சொன்னது. அவளுக்கு அது தெரியாது. உங்களிடமும் இது இயங்கிக்கொண்டிருக்கலாம். சோதனை முடிந்ததும் கையால் அணைத்துவிடுங்கள்.' கோகுல்நாத்தோடு சண்டை போடுவதற்கு வசனமெல்லாம் தயார்செய்துகொண்டு ஒப்புதலுக்கு அனுப்பினேன். நான்கு நொடியில் ஒப்புதல் வந்துவிட்டது. அவரும் படிப்பதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறுதியானது.

ஆனால் இம்முறை யாரும் தப்பிக்கக்கூடாது என்று நினைத்தேன். வாசகர் தளத்தில் ஒரு ஏற்பாடு செய்தோம். மையம் போக எங்கள் மற்ற வாடிக்கையாளர்கள் நாற்பத்தொரு பேரும் முதல் பக்கத்தைப் படித்து, அணைத்துவிட்டோம் என்று தங்கள் சொற்களில் எழுதி அனுப்பவேண்டும். வெளியான அன்றே நாற்பத்தொன்றும் வந்து சேர்ந்தன. 'படித்தோம், அணைத்துவிட்டோம்.' 'உடனே அணைத்தாயிற்று, நன்றி.' 'எச்சரித்தமைக்கு நன்றி, அணைக்கப்பட்டது.' எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் எனக்கும் வாசகர்கள் கிடைத்துவிட்டார்கள். அவற்றை அச்சடித்து எடுத்துக்கொண்டுபோய் அக்காவிடம் காட்டினேன். "நாப்பத்தோரு பேரும் ஒரே நாள்லயா?" என்று கேட்டாள். நல்ல எழுத்துக்கு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது என்று அடக்கத்தோடு சொன்னேன்.

பரிசோதனைகளெல்லாம் முடிந்து, நான்கு மாதம் கழித்து அக்காவுக்கு அந்தக் கேள்வி மறுபடி வந்தது. அவள் கட்டைவிரலால் தானே அழுத்தினாள், இரண்டு முறை. காலை ஒன்பது மணிக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். நான் வெளியே பச்சை நிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். நிசா வந்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கை சும்மா இருக்கவில்லை. 9.2-க்கான குறிப்பேடு பாதியில் கிடந்தது. மடிக்கணினியைத் திறந்து, மனத்தை வேறெங்கோ வைத்துக்கொண்டு நான்கு பத்தி எழுதி முடித்து, பழக்கதோஷத்தில் வாசகர் தளத்தில் ஏற்றினேன். உடனே ஒரு கருத்து வந்து விழுந்தது. 'பக்கம் ரெண்டுல சொன்னதையே பக்கம் அஞ்சுலயும் சொல்லியிருக்கறே. வளவளன்னு இருக்குது. மரகதம்.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த நேரத்திலும் இவளால் குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை என்று நிசாவிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன். நிசா சிரிக்கவில்லை. அறுவை அறையின் கதவுக்கு மேலே எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கையே பார்த்தாள். நானும் பார்த்தேன். அக்கா உள்ளே போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

"சென்னிண்ணா, 9.1-க்கு வாசகர் தளத்துல போட்ட அந்த ஏற்பாட்டை நான் பதிலி வச்சுத்தான் டெஸ்ட் பண்ணினேன். முடிச்சுட்டு, தளம் உங்க பொறுப்பு, அணைச்சுருங்கன்னு மெயில் போட்டேன். அணைச்சீங்களா?"

நான் அப்போது முதல் பக்கத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். 'கையால் அணைத்துவிடுங்கள்' என்பதா, 'மறவாமல் கையால் அணைத்துவிடுங்கள்' என்பதா என்று முழுதாக ஒரு நாள் யோசித்தேன். நிசாவின் மின்னஞ்சல் வந்தது நினைவிருக்கிறது. படிக்கவில்லை.

நாற்பத்தொரு பதில்களையும் திரும்ப எடுத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றும் மூன்றாவது நொடியில் வந்திருந்தது. ஒருவர்கூடப் படிக்கவில்லை, ஒருவர்கூட அணைக்கவில்லை. அந்தப் பட்டியலில் இரண்டு இரத்த வங்கிகள் இருந்தன, ஒரு ஆம்புலன்ஸ் சேவை இருந்தது, முதியோருக்குத் தினமும் நலமா என்று கேட்கும் ஒரு நிறுவனம் இருந்தது. நலமா என்றால் நலம் என்று பதிலி இந்த நான்கு மாதமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கும்.

எழுத்தை இனி நம்புவதாக இல்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே எண்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தேன். நிசா பாதியை எடுத்துக்கொண்டாள். சிலர் தொலைபேசி அழைப்புகளுக்கும் பதிலியைப் பொருத்தியிருந்தார்கள்; எடுப்பது ஆளா, பதிலியா என்று கண்டுபிடிப்பதற்குச் சுலபமான வழி ஒன்று சீக்கிரமே பிடிபட்டது. மிக்க நன்றி, உடனே கவனிக்கிறோம் என்று இனிமையாகச் சொன்னால் சந்தேகப்பட்டு, நேரில் போகவேண்டியவர்கள் பட்டியலில் சேர்த்தோம். "யோவ், நாலு மாசமா என்னய்யா பண்ணீட்டு இருந்தீங்க?" என்று ஒரு இரத்த வங்கிக்காரர் கத்தியபோது எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. லைனில் இருக்கும்போதே அணைக்கச் சொன்னேன். திட்டிக்கொண்டே அணைத்தார்.

ஒன்றரை மணிக்கு விளக்கு அணைந்தது. மருத்துவர் வெளியே வந்து, வேலை செய்கிறது, சிறுநீர் வர ஆரம்பித்துவிட்டது என்றார். அந்த வாக்கியத்தை இதைவிட அழகாக என்னால் எழுத முடியாது.

மறுநாள் மாலை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க அனுமதித்தார்கள். உள்ளே இருந்த செவிலி தன் செல்பேசியை அக்காவின் காதருகே பிடித்தாள். நான் இந்தப் பக்கம் என்னுடையதைப் பிடித்துக்கொண்டு, எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். மூன்று நொடி போனது. நான்கு, ஐந்து. நான் எண்ணிக்கொண்டே நின்றேன். ஒன்பதாவது நொடியில் வறண்ட குரலில் பதில் வந்தது.

"அந்தப் பதிலிகிட்டச் சொல்லிப்போடு. எனக்குக் காய்ச்சல் விட்டுப்போச்சுன்னு."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். இந்தப் பதினோரு வருடத்தில் எந்தப் பதிவிலும் இல்லாத ஒன்று.

"அந்த மொதல் பக்கம் நல்லாத்தான் எழுதியிருந்தே. எத்தனை பேரு படிச்சாங்க?"

இதுவரை இருபத்துமூன்று பேருக்கு நானும் நிசாவும் படித்துக் காட்டியிருக்கிறோம் என்றேன். மிச்சத்தையும் முடித்துவிட்டு வா என்பது போல அவள் விரலை அசைத்தாள். தாழ்வாரத்துக்கு வந்து இருபத்துநான்காவது எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. யாராவது எடுத்து என்னைத் திட்டவேண்டுமே என்று காத்துக்கொண்டு நின்றேன்.